சாயம் போகும் என்று சொல்லி விற்பதா?

சென்ற நோன்பு மாதத்தின் பதினெட்டாம் இரவு அது. தராவீஹ் தொழுகை முடிந்து, லூமுட் படகுத் துறைப் பக்கம் சற்றே காற்று வாங்கிவிட்டு நான் வீடு திரும்பியபோது, என் தங்கை மகன் வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். மடியில் ஒரு கைலி. பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடச் சட்டை. வெள்ளையாக இருக்க வேண்டிய அந்தச் சட்டை, ரோஜாப்பூ நிறத்தில் இருந்தது.

“மாமா, ஒரு கைலிதான் உம்மா துவைச்சாங்க. கூடக் கிடந்த தம்பி சட்டை இப்படி ஆயிடுச்சு” என்றான்.

நேயர்களுக்கு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். இந்தப் பிள்ளைக்குக் கடை கிடையாது. வீட்டு முன்னறையில் ஒரு விளக்கைப் பொருத்தி, கைத்தொலைபேசியை ஒரு காலில் நிறுத்திவைத்து, அதன் எதிரே நின்று துணியை விரித்துக் காட்டி விற்கிறான். நேரலை என்கிறார்கள். பார்ப்பவர் பேராவிலும் இருக்கலாம், ஜொகூரிலும் இருக்கலாம். பெருநாளுக்காக அவன் கோலாலம்பூரில் ஒரு மொத்த வியாபாரியிடம் 240 கைலிகள், ஒன்று 11 வெள்ளி வீதம் கொள்முதல் செய்திருந்தான். 25 வெள்ளிக்கு விற்பதாகக் கணக்கு. அவன் கையிலிருந்த முதல் அவ்வளவும் அதில் முடங்கிவிட்டது. திருப்பி எடுத்துக்கொள்ளும்படி கேட்டதற்கு, “விற்ற சரக்கு விற்றதுதான்” என்று பதில் வந்துவிட்டதாம்.

நான் ஆறுதல் சொல்ல வாய் திறப்பதற்குள் அவனே ஒரு யோசனையைச் சொன்னான். அந்த யோசனைதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

“மாமா, அமெரிக்காவில ஒரு காலத்துல சாயம் போற மெட்ராஸ் துணியைத்தான் பணக்காரங்க தேடித் தேடி வாங்கினாங்களாம். சாயம் போறதுதான் அதோட அழகுன்னு விளம்பரம் போட்டே வித்தாங்களாம். நானும் அப்படியே சொல்லி வித்தா என்ன? பொய் இல்லையே. சாயம் போகும்னு சொல்லித்தானே விக்கிறேன்!”

கேட்டவுடன் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. பொய் இல்லாத ஒரு வியாபாரத்தில் தவறு இருக்க முடியுமா? ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் துணியோடு பழகிய நான் அன்றிரவு அதற்கு உடனே விடை சொல்ல இயலாமல் போனேன். “நாளை பேசலாம், வாப்பா” என்று அனுப்பிவிட்டேன்.

அவன் சொன்ன கதை கட்டுக்கதை அன்று. ஆனால் அதற்கு முன்னால் நம் கைலியின் கதையைச் சொல்ல வேண்டும். மலாய்ச் சகோதரர்கள் இதனைக் ‘காயின் பெலிக்காட்’ என்கிறார்கள். பெலிக்காட் என்பது சென்னைக்கு வடக்கே கடலோரத்தில் உள்ள பழவேற்காடு. வெள்ளையர் நாவில் அது ‘புலிக்காட்’ ஆயிற்று. சோழமண்டலக் கரையில் நெய்த கட்டம் போட்ட துணிகள் அந்தத் துறைமுகத்திலிருந்து கிழக்கே கப்பலேறின. ஊர் பெயரே துணிக்குப் பெயராகி நிலைத்துவிட்டது. அங்கே டச்சுக் கம்பெனி 1613இல் ஒரு கோட்டை கட்டியது. அதே கம்பெனி 1670இல் நமக்கு எதிரே உள்ள பங்கோர்த் தீவில், தெலுக் கெடோங்கில், ஈயத்தைச் சேமித்துவைக்க ஒரு கோட்டை கட்டியது. இன்று சுற்றுலா வருகிறவர்கள் அதன் செங்கல் சுவர் முன் நின்று படம் பிடித்துக்கொள்கிறார்கள். அந்தக் கரையில் துணிக்குக் கோட்டை, இந்தக் கரையில் ஈயத்துக்குக் கோட்டை! டச்சுக்காரருக்கு முன்பும் பின்பும் அந்தத் துணியைத் தோளில் சுமந்து இந்தக் கரையில் விற்றவர்களில் நம்முடைய முன்னோர்கள் கணிசமானவர்கள். சூலியா என்று பழைய ஏடுகள் குறிப்பது அவர்களைத்தான். ஆகவே கைலிக்குச் சாயம் போகிறதா என்னும் கேள்வி நம் வீட்டுக்குப் புதிதல்ல.

இனி அமெரிக்கக் கதை. துணி வியாபார வட்டாரத்தில் இதனைப் பலவாறு சொல்வார்கள். பெரும்பாலோர் சொல்வது இது. 1958இல் வில்லியம் ஜேக்கப்ஸன் என்ற அமெரிக்க இறக்குமதியாளர் இந்தியாவுக்கு வந்து, கேப்டன் கிருஷ்ணன் நாயர் என்பவரிடம் மெட்ராஸ் கட்டத் துணி வாங்கினார். பிற்காலத்தில் லீலா ஹோட்டல்களை நிறுவிய அதே நாயர்தான். தாவரச் சாயம் தோய்ந்து, நல்லெண்ணெய் வாடை வீசும் கைத்தறித் துணி. கெஜம் ஒரு டாலர். இதனைக் குளிர்ந்த நீரில் மெல்ல அலச வேண்டும், இல்லாவிட்டால் சாயம் இறங்கும் என்று நாயர் சொல்லியனுப்பினார். ஜேக்கப்ஸன் 10,000 கெஜத்தைப் புரூக்ஸ் பிரதர்ஸ் என்னும் பெரிய கடைக்கு விற்றார். ஆனால் அந்த ஒரு வார்த்தை மட்டும் கடைவரை போய்ச் சேரவில்லை. கடை சட்டையாகத் தைத்து விற்றது. வாங்கியவர்கள் இயந்திரத்தில் போட்டுத் துவைத்தார்கள். நிறம் நிறத்தோடு கலந்துவிட்டது. ஒரே கூக்குரல்! வழக்கு என்று கூட மிரட்டல் வந்தது. பிறகு விளம்பரக்காரர்கள் கூடி, ‘சாயம் இறங்குவது உறுதி’ என்ற பொருளில் ஒரு வாசகத்தைப் போட்டார்கள். ஒவ்வொரு துவைப்பிலும் உங்கள் சட்டை புதிய சட்டையாகும் என்பதுபோல் எழுதினார்கள். முன்பு திட்டிய அதே ஜனங்கள் கடைக்கு முன் வந்து நின்றார்கள். கல்லூரி மாணவர்களிடையே அறுபதுகளில் அது பெரிய நாகரிகமாகிவிட்டது.

இதிலே முதலில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. முதல் விற்பனையில் எவரும் பொய் சொல்லவில்லை. நாயர் சொன்னார். ஜேக்கப்ஸன் மறந்தார். கடைக்காரருக்குத் தெரியாது. ஒவ்வொருவரையும் தனித்தனியே நிறுத்திக் கேட்டால் ‘நான் குற்றமற்றவன்’ என்று சத்தியம் செய்யலாம். ஆயினும் வாங்கியவன் சட்டை பாழாயிற்று. நம்முடைய மார்க்கச் சட்ட அறிஞர்கள் இதனை நன்கு உணர்ந்திருந்தார்கள். வாங்கிய பொருளில் முன்பே இருந்த குறை பின்னர் தெரியவந்தால், திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவனுக்கு உண்டு. விற்றவன் அறிந்து மறைத்தானா, அறியாமல் விற்றானா என்பதைப் பொறுத்தது அல்ல அந்த உரிமை. மறைத்தது பாவமா என்பது அவனுக்கும் இறைவனுக்கும் உள்ள கணக்கு. துணி யாரிடம் திரும்ப வேண்டும் என்பது இந்த உலகத்துக் கணக்கு. இரண்டையும் அவர்கள் குழப்பிக்கொள்ளவில்லை.

இரண்டாம் விற்பனையில் எனக்குக் குறை தெரியவில்லை. சாயம் இறங்கும் என்று ஊரறியச் சொல்லியாயிற்று. தெரிந்தே வாங்கினார்கள். அவரவர் விருப்பம்! இன்று முழங்காலில் கிழித்த கால்சட்டையை முழுக் கால்சட்டையைவிட அதிக விலை கொடுத்து வாங்குகிறார்கள் பிள்ளைகள். என் பேரனுடையதை அவன் பாட்டி இரக்கப்பட்டுத் தைத்துக் கொடுத்துவிட்டு, வாங்கிக் கட்டிக்கொண்டாள். நாகரிகம் என்பது அப்படித்தான். அதில் நமக்குப் பிடிக்காதவை இருக்கலாம். ஆனால் பிடிக்காதது வேறு, ஏமாற்று வேறு.

அப்படியானால் என் மருமகன் கேட்டதும் சரிதானே? இங்கேதான் நான் ஓர் இரவு தூக்கம் இழந்தேன்.

மறுநாள் அஸருக்குப் பின் அந்தக் கைலியை ஒரு வாளித் தண்ணீரில் நானே முக்கிப் பார்த்தேன். ஐந்து நிமிடத்தில் தண்ணீர் சிவந்துவிட்டது. இரண்டாம் முறை முக்கியபோது கட்டமே மங்கிவிட்டது. பழைய மெட்ராஸ் துணியில் சாயம் மெல்ல மெல்ல, பல துவைப்புகளில் இறங்கி ஒன்றோடொன்று கலந்து ஒரு மென்மை கொடுக்கும். அதைத்தான் விளம்பரத்தில் சொன்னார்கள், வாங்கியவர்களும் அதையே விரும்பினார்கள். இதுவோ மலிவுச் சாயம். தோய்த்தபின் சரியாக அலசி நிறத்தை நிறுத்தாமல், நேரத்தையும் தண்ணீரையும் மிச்சம் பிடித்த பட்டறையின் வேலை. இதன் மேல் ‘சாயம் இறங்கும் அசல் மெட்ராஸ்’ என்ற சீட்டை ஒட்டினால், ‘சாயம் இறங்கும்’ என்ற பகுதி உண்மை. அந்த உண்மையைக் கேட்டு வாங்குபவன் மனத்தில் தோன்றும் படம் பொய். உண்மையான வார்த்தையைக் கொண்டே பொய்யைச் செய்யலாம் என்பது அந்த வாளித் தண்ணீரில் எனக்குத் தெரிந்தது.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனத்துச் சந்தையில் தானியக் குவியலுக்குள் கைவிட்ட சம்பவம் நாம் அனைவரும் ஜும்ஆ மேடையில் கேட்டதுதான். உள்ளே ஈரம் இருந்தது. வியாபாரி மழையில் நனைந்தது என்றான். அவன் சொன்னது உண்மைதான். அந்த விளக்கத்தை ஏற்று நாயகம் நகர்ந்துவிடவில்லை. நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே போட்டிருக்கலாகாதா என்றே கேட்டார்கள். அதாவது, நான் எதைப் பார்க்கிறேனோ அதையே வாங்குபவனும் பார்க்க வேண்டும். வாயால் சொல்லிவிட்டேன் என்பதோடு விற்பவன் கடமை தீர்ந்துவிடவில்லை.

இதைச் சொன்னபோது மருமகன் மறுத்துப் பேசினான். அவன் மறுப்பை லேசாகத் தள்ள எனக்கு மனமில்லை. “மாமா, நீங்க சொல்றது சரி. ஆனா நான் ஒருத்தன் உண்மை பேசினா, பக்கத்துல நூறு பேர் பேசாம விக்கிறான். போன்ல விரலை இப்படித் தள்ளினா அடுத்த கடை. நம்மளை விட்டுட்டு அவன்கிட்டத்தான் போவாங்க. அவனும் இதே கைலியைத்தான் விக்கிறான்.”

உண்மைதான். இன்றைய வியாபாரத்தின் வேகம் நம் காலத்தில் இல்லை. ராபின்சன்ஸ் போன்ற பெருங்கடையே 2020இல் கோலாலம்பூரில் கதவை மூடியது. வெளிநாட்டிலிருந்து இணையத்தில் வரும் 500 வெள்ளிக்கு உட்பட்ட சரக்குக்கு 2024 ஜனவரி முதல் நம் அரசாங்கம் 10 விழுக்காடு வரி போட்டும், மலிவு விலை மலிவாகவே இருக்கிறது. ஷீன் என்ற மாபெரும் இணையக் கடைக்குப் பிரெஞ்சு அரசாங்கம் 2025 ஜூலையில் 40 மில்லியன் யூரோ அபராதம் விதித்ததைப் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். காரணம் என்ன? தள்ளுபடி என்று காட்டியவற்றில் பெரும்பகுதி தள்ளுபடியே அல்ல. சில பொருள்களில் விலையை முன்கூட்டி ஏற்றிவிட்டுக் குறைப்பதாகக் காட்டினார்கள். நம்மூர்ப் பெருநாள் சந்தையில் 60 வெள்ளியை அடித்துவிட்டு 35 என்று எழுதிய அட்டைகளில் எத்தனை அட்டைக்கு அந்த 60 எப்போதாவது உண்மையாக இருந்திருக்கும்? நான் எண்ணிப் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

துணி வியாபாரிக்கு முன்மாதிரி வேண்டுமென்றால் நம்மிடம் பெரியவர்களே இருக்கிறார்கள். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் கூஃபாவில் பட்டு ஜவுளி வியாபாரி. அவர்களுடைய கூட்டாளி ஹஃப்ஸ் என்பவரிடம் சரக்கை அனுப்பி, இன்ன துணியில் குறை உண்டு, சொல்லி விற்கவும் என்று தெரிவித்தார்கள். கூட்டாளி விற்றார், சொல்ல மறந்தார், வாங்கியவர் யாரென்றும் தெரியவில்லை. இமாமவர்கள் அந்தச் சரக்கின் விலை முழுவதையும் தர்மம் செய்துவிட்டார்கள் என்பது வரலாறு. குறையுள்ள ஒரு துணியின் விலையை மட்டும் அல்ல, முழுவதையும்! 1958இல் மறந்துபோனவர்களும் இருக்கிறார்கள், கூஃபாவில் மறந்துபோனவரும் இருக்கிறார். அங்கே மறதிக்கு விளம்பரம் கிடைத்தது, இங்கே மறதிக்குத் தர்மம் கிடைத்தது.

பஸ்ராவில் யூனுஸ் இப்னு உபைத் (ரஹ்) என்ற ஜவுளி வியாபாரி பற்றி இமாம் கஸ்ஸாலி (ரஹ்) எழுதியிருப்பது இன்னும் கடினமானது. 200 திர்ஹம் பெறும் ஆடையை அவர் கடையில் இல்லாத நேரத்தில் சகோதரர் மகன் ஒரு நாட்டுப்புறத்து அரபிக்கு 400க்கு விற்றுவிட்டான். (அங்கேயும் பிள்ளைகள்தான்!) வழியில் அந்த அரபியைக் கண்ட யூனுஸ், கடைக்கு அழைத்துவந்து 200ஐத் திருப்பிக் கொடுத்தார். அரபியோ, எங்கள் ஊரில் இது 500 பெறும், நான் மனமொப்பியே வாங்கினேன் என்கிறான். வாங்கியவனுக்கு மனக்குறை இல்லை. பொய் இல்லை, குறையில்லை. ஆயினும் அந்தப் பெரியவர் பணத்தைத் தம்மிடம் வைத்துக்கொள்ளவில்லை. விலை தெரியாதவனின் சம்மதத்தை அவர் முழுச் சம்மதமாகக் கருதவில்லை.

இவ்வளவும் எடுத்துச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று என் உள்ளமே என்னைக் கேட்டது. அதை மறைத்து இந்தக் கட்டுரையை முடித்தால், நானும் உலர்ந்த தானியத்தை மேலே பரப்பியவன் ஆவேன்.

1972இல் எனக்கு இருபது வயதுகூட நிரம்பவில்லை. உறவினர் ஒருவரின் ஜவுளிக் கடையில் கைப்பிள்ளையாக இருந்தேன். சித்தியவான், ஆயர் தாவார் பக்கத்துத் தோட்டங்களுக்குச் சைக்கிளில் மூட்டை கட்டிக்கொண்டு போவேன். இன்று அங்கே எங்கு பார்த்தாலும் செம்பனை, அப்போது பால்மரம். சம்பள நாளில் ஆபீசுக்கு வெளியே துணியை விரித்து உட்காருவோம். எங்களிடம் இரண்டு விலை உண்டு. ரொக்க விலை ஒன்று, பற்று விலை ஒன்று. ரொக்கத்துக்கு வாங்கக்கூடியவர் அந்தத் தோட்டத்தில் கிராணியாரும் இன்னும் ஓரிருவருமே. லயத்து ஜனங்கள் அனைவருக்கும் பற்று விலைதான். கெஜம் 80 காசுத் துணி 1 வெள்ளி 10 காசு. அவர்களுக்கு இரண்டாவது விலை ஒன்று இருப்பதே தெரியாது.

ஒரு தீபாவளிக்கு முன் ஓர் அம்மாள் தன் மகனுக்குச் சட்டைத் துணி கேட்டார். “சுருங்குமா தம்பி?” என்று கேட்டார். “சுருங்காதுங்க அம்மா” என்றேன். சுருங்கும் என்று எனக்குத் தெரியும். கடையில் எல்லாருக்கும் தெரியும். கஞ்சி போன பிறகு ஒரு கையகலம் போய்விடும் துணி அது. அடுத்த சம்பள நாளில் அந்தச் சட்டையைப் பிள்ளைக்கு மாட்டியே அழைத்து வந்தார். வயிறு தெரிந்தது. கை முழங்கைக்கு மேல் நின்றது. என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை அவர். “பாருங்க தம்பி” என்றார், அவ்வளவுதான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “சுடு தண்ணியில போட்டுட்டீங்க போல.” அந்த அம்மாள் சற்று யோசித்து, அப்படியும் இருக்கும் என்று தன்னையே குற்றவாளியாக்கிக்கொண்டு, அந்த மாதத் தவணையை எண்ணிக் கொடுத்துவிட்டுப் போனார். மீதித் தவணைகளையும் தவறாமல் கொடுத்தார். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது அவர்கள் எங்கே போனார்கள் என்று எனக்குத் தெரியாது. எத்தனை தர்மம் செய்தாலும் அந்தப் பிள்ளைக்கு அந்தத் தீபாவளி திரும்பி வராது.

துணியின் குறை வாங்கியவர் தலையிலே ஏறி உட்கார்ந்துவிடுகிறது, இதுதான் இதில் கொடுமை. ‘நான்தான் சரியாகத் துவைக்கவில்லை’, ‘எனக்குத்தான் அளவு தெரியவில்லை’ என்று ஏழையே தன்மேல் பழியைப் போட்டுக்கொள்கிறான். இந்நாட்டில் 1999இல் வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உண்டு. பொய் விவரம் சொல்லி விற்பதைத் தடுக்க 2011இல் வந்த வணிக விவரிப்புச் சட்டம் உண்டு. ஆனால் 25 வெள்ளிக் கைலிக்காக யார் மன்றம் ஏறுவார்? சட்டம் எட்டாத சிறு தொகைகளில்தான் விற்பவனுடைய நாணயத்துக்கு வேலை அதிகம்.

மருமகனிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அவன் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “சரி மாமா, சாயத்தைச் சொல்லிடறேன். ஆனா இதை யார் நெஞ்சாங்க, யார் தோய்ச்சாங்கன்னு எனக்கே தெரியாதே. அதையும் சொல்லணுமா?” என்று கேட்டான். வியாபாரத்தில் மூன்று ஆண்டு மட்டுமே கண்ட பிள்ளை, நான் ஐம்பது ஆண்டில் கேட்காத கேள்வியைக் கேட்டுவிட்டான்.

வங்காள தேசத்து டாக்கா நகருக்கு அருகே சவாரில், ராணா பிளாசா என்னும் எட்டு மாடிக் கட்டடம் 2013 ஏப்ரல் 24ஆம் நாள் இடிந்து விழுந்தது. மேல் மாடிகளில் மேல்நாட்டுக் கடைகளுக்குச் சட்டை தைக்கும் தொழிற்சாலைகள். 1,134 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் இளம் பெண்கள். நெஞ்சைப் பிளக்கும் செய்தி ஒன்று அதனுள் இருக்கிறது. முந்திய நாளே சுவர்களில் வெடிப்புக் கண்டிருந்தது. கீழ்த்தளத்துக் கடைகளும் வங்கிக் கிளையும் மூடப்பட்டன. தையல் வேலைக்காரர்களை மட்டும் மறுநாள் காலை உள்ளே போகச் சொன்னார்கள். அனுப்ப வேண்டிய சரக்கு பாக்கி! அந்தச் சட்டைகளைக் கையில் எடுத்து எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் தையலில் குறை இருந்திராது. நூல் அறுந்திராது. சாயம் போயிராது. வெடிப்பு துணியில் இல்லை, சுவரில் இருந்தது.

நம் தமிழ்நாட்டிலும் தேடலாம். திருப்பூர்ச் சாயப்பட்டறைக் கழிவு நொய்யல் ஆற்றில் கலந்து, கீழே உள்ள உழவர்களின் நிலமும் கிணறும் கெட்டபின், சென்னை உயர்நீதிமன்றம் 2011 ஜனவரியில் அந்தப் பட்டறைகளை மூடும்படி உத்தரவிட்டது. சாயம் சட்டையில் நன்றாகத்தான் நின்றது. ஆற்றில்தான் இறங்கியது.

இவற்றையெல்லாம் லூமுட்டில் முன்னறையில் நின்று விற்கும் ஒரு பிள்ளை சொல்லித்தான் விற்க வேண்டுமா? வேண்டும் என்று மேடையில் முழங்குவது எளிது. டாக்காவுக்குப் போய்ச் சுவரைப் பார்க்க அவனால் ஆகாது. மலிவுத் துணியே வேண்டாம் என்று எல்லாரும் ஒதுக்கிவிட்டால், அங்கே தைத்துப் பிழைக்கும் லட்சக் கணக்கான பெண்கள் வீட்டு அடுப்பு அணையும். அதுவும் நியாயமாகாது. நம்மூர்த் தாய்மார்களில் நான்கு பிள்ளைகளுக்குப் பெருநாள் உடுப்பு எடுக்க 100 வெள்ளியோடு வருகிறவர்களுக்கு ‘நல்ல இடத்தில் நெய்த விலை உயர்ந்த துணியே வாங்குங்கள்’ என்று உபதேசம் செய்ய எனக்கு நாக்கு எழாது.

ஆனால் தெரியாது என்பதில் இரண்டு வகை இருக்கிறது. கேட்டும் தெரியாமற்போவது ஒன்று. தெரிந்துவிடுமோ என்று அஞ்சிக் கேட்காமலே இருப்பது மற்றொன்று. நான் தோட்டத்தில் துணி விரித்த காலம் முழுதும் இரண்டாம் வகையில் இருந்தேன். இந்தத் துணி எங்கே நெய்தது, நெய்தவனுக்கு என்ன கூலி என்று ஒரு நாளும் முதலாளியிடம் கேட்டதில்லை. கேட்டால் பதில் சொல்லியிருப்பாரோ, முதுகில் போட்டிருப்பாரோ! கேட்காததுதான் என் குற்றம். சவார் விபத்துக்குப் பின், 2013 மே மாதத்திலேயே பல பெரிய கடைகளும் தொழிற்சங்கங்களும் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்திட்டு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிற்சாலைகளின் சுவரையும் மின் கம்பியையும் வெளி வாசலையும் சோதிக்கச் செய்தார்கள். அதற்கு முந்திய நாள்வரை ‘எங்களுக்குத் தெரியாது’ என்றவர்கள்தாம் அவர்களில் பலர். கேட்கத் தொடங்கியதும் தெரியவந்தது.

ஆகவே நான் மருமகனுக்குச் சொன்னது இவ்வளவே: உனக்கு மேலே இருக்கும் ஒருவரிடம் கேள். அவர் தனக்கு மேலே இருப்பவரிடம் கேட்கட்டும். பதில் வரும்வரை, வாங்குகிறவர் கேட்டால் ‘எனக்குத் தெரியவில்லை, கேட்டிருக்கிறேன்’ என்று சொல். அசல், கைத்தறி, மெட்ராஸ் என்ற சொற்களை மட்டும் வாயில் எடுக்காதே.

நோன்பு இருபத்திரண்டாம் இரவு அவன் நேரலையில் நின்றான். நானும் அறையின் மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். என் தங்கை ஒரு வெள்ளை பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவன் கைலியை விரித்துக் காட்டினான். கட்டம் அழகாகத்தான் இருந்தது. பிறகு, எல்லாரும் பார்க்க, அதன் ஒரு முனையைத் தண்ணீரில் முக்கினான். தம்பியின் ரோஜா நிறச் சட்டையையும் தூக்கிக் காட்டினான். “இது சாயம் போகும். சீக்கிரமே மங்கிடும். வேற துணியோட போடாதீங்க. அதனால 25 இல்லை, 13 வெள்ளி” என்றான். திரையில் யாரோ சிரிப்புப் பொம்மைகளை அனுப்பினார்கள். யாரோ ஒருவர், வீட்டில் படுக்கும்போது கட்ட நிறம் எதற்கு என்று எழுதினார். அன்றிரவு 38 கைலி போயிற்று. பங்கோரிலிருந்து ஒரு மீனவர் 6 கேட்டார். கடலுக்குக் கட்டிப்போகச் சாயம் என்ன சாயம் என்று.

பெருநாள்வரை எண்ணிப் பார்த்ததில் 107 விற்றிருந்தது. மிச்சம் 133 கைலி என் தங்கை வீட்டு முன்னறையில், அலமாரிக்கும் சுவருக்கும் இடையில், மூட்டையாக இருக்கிறது. முதலில் ஏறக்குறையப் பாதி இன்னும் திரும்பவில்லை. அவன் தகப்பனார் என்னிடம் முகம் கொடுத்துப் பேசிச் சில வாரங்கள் ஆகின்றன. அதில் அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. உபதேசம் என்னுடையது, நஷ்டம் அவர் வீட்டுடையது. மூட்டையில் ஐம்பதை நான் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறேன்.

கைலி எங்கே நெய்யப்பட்டது என்று மருமகன் அந்த மொத்த வியாபாரிக்கு இரண்டு முறை எழுதிக் கேட்டிருக்கிறான். முதல் முறை, “உனக்கு எதுக்குத் தம்பி அதெல்லாம்?” என்று பதில் வந்தது. இரண்டாவதற்கு இன்னும் பதில் இல்லை. ஹஜ்ஜுப் பெருநாளுக்குச் சரக்கெடுக்கும் முன் நேரில் போய்க் கேட்கப்போவதாகச் சொல்கிறான்.